திருவண்ணாமலையில் தைத்த நீளச் சீட்

1982, வைகாசி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்குப் போளூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். என் மனைவி கமலா பஸ்ஸில் வந்தாள். திருவண்ணாமலைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். சென்ற ஆண்டு ரயில்வே கேட்டில் வண்டி துள்ளியபோது அவள் கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அன்று முதல் கல்யாணமோ கருமாதியோ, ஒரே வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் தனித்தனியாகப் போய்ச் சேர்கிறோம். பின்னால் ஸ்பிரிங் வைத்த சின்ன சீட்தான் அவளைத் தூக்கி எறிந்தது என்பது என் முடிவு. அதை மாற்றி இருவருக்கும் ஒரே நீளச் சீட் போட்டால், திரும்பும்போது வண்டியில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

எட்டு மணி. பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்து, செங்கம் சாலைக்கு நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அவள் நடந்து வந்தாள். சீட் தைக்கும் காதர் பாய் கடையில், ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவரின் வண்டி சீட் இல்லாமல் நின்றது.

"தனியா ஜாஸ்தி போவீங்களா, ஜோடியா ஜாஸ்தியா?" என்று கேட்டார் பாய்.

"ஆபீசுக்குத் தனியா. மத்த எடத்துக்கு ரெண்டு பேரும்."

"மத்த எடம்னு ஒண்ணும் இல்ல பாய்," என்றாள் கமலா.

பாய் சிரித்துக்கொண்டே ஃபோமை வெட்டினார். ஓட்டுகிறவருக்கு மெத்தென்று இருக்கலாம். பின்னால் ஒருக்களித்து உட்காரும் பெண்களுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும் என்றார். பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு நூற்றெண்பது ரூபாய். ரெக்சின் தைப்பதற்கு முன் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபோம்மேல் கோணியைக் கட்டி, கோலமாவைத் தூவி, இருவரையும் ஒரு சுற்று போய்வரச் சொல்வார். மாவு அழிந்த இடத்தில்தான் ஆள் உட்காருகிறார். அதைப் பார்த்துப் பள்ளம் எடுப்பார்.

அடி அண்ணாமலை வரை போனோம். ஓராண்டுக்குப் பிறகு அவள் என் பின்னால் ஏறியிருந்தாள். மலை எங்கள் வலப்பக்கமாகவே வந்தது. கல்லும் குழியுமான இடத்தில், "தோளப் புடிச்சுக்கோ," என்றேன்.

"பின்னாடி கம்பி இருக்குதுங்க."

"கம்பி எதுக்கு?"

"அன்னிக்கு உங்களப் புடிச்சிட்டிருந்துதான் விழுந்தேன்."

வண்டியைத் திருப்பிக் கடைக்கு வந்தோம்.

பாய் குனிந்து கோணியைப் பார்த்தார். முன்னால் மாவு நன்றாக அழிந்திருந்தது. பின்னால் கடைசி விளிம்பில் கொஞ்சம். நடுவே ஒரு சாண் அகலத்துக்கு, தூவிய மாவு தூவியபடியே இருந்தது.

"என்ன சார், நடுவுல இன்னொருத்தர ஏத்தினு வந்தீங்களா?" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "தையல ரெண்டாப் பிரிச்சிடட்டுமா? அம்மாவுக்குத் தனிப் பள்ளம் வந்துடும்."

"ஒண்ணாவே தைங்க," என்றேன்.

கமலா புடவையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். "உங்க வண்டி, உங்க இஷ்டம். நான் பஸ்ஸுலயே போறேன்," என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பாய் தையல் இயந்திரத்தில் நூல் கோத்தார்.

மதியம் ஒரு மணிக்குப் புறப்பட்டேன். சீட் அருமையாக இருந்தது. கலசப்பாக்கம் வரை ஒரு குலுக்கலும் தெரியவில்லை. வழியில் டீ குடித்துவிட்டு ஏறும்போது பின்பாதியில் கை வைத்தேன். வெயிலில் கொதித்தது.

வீட்டுக்கு அவள் முன்பே வந்துவிட்டிருந்தாள். வாசலுக்கு வந்து, உடைந்து கூடிய அந்தக் கையால் சீட்டின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தைச்சிருக்காரு," என்றாள். "அரிசி மூட்டை வெச்சா நழுவாது."