அத்தானின் விமானங்கள்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் விமானிகள் பேசுவதைக் கேட்க ஒரு ஸ்கானர் ரேடியோ வாங்கப் போனபோது, அக்காவின் கணவரைக் கூட்டிக்கொண்டு போனது என் மடத்தனம். யாழ்ப்பாணத்தில் அன்ரனாவைத் திருப்பித் திருப்பி இந்திய ரீவி பிடித்தவர் என்பதால், உலகத்து அலையெல்லாம் தன் சொல்லைக் கேட்கும் என்று அத்தானுக்கு நினைப்பு. கடைக்காரன் விமான அலைவரிசை உள்ள சின்னப் பெட்டியைக் காட்டினான். "உது விளையாட்டுச் சாமான்" என்று அத்தான் அதைத் தள்ளிவிட்டு, அந்த அலைவரிசையே இல்லாத பெரிய பெட்டியை எடுத்தார். நானும் காசைக் கொடுத்து, பெட்டியை அவர் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

விமானப் பேச்சுக்கு நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கம்பி போதும். அத்தானோ தன் அஜின்கோர்ட் அப்பார்ட்மென்ட் பல்கனியில் மீன்முள் போன்ற ரீவி அன்ரனாவைக் கட்டி, விமான நிலையத்தின் பக்கம் திருப்பினார். ஞாயிறு மத்தியானம் விருந்தாளிகளை உட்காரவைத்து, பெட்டியில் கேட்ட ஆங்கிலக் குரலுக்கு விளக்கமும் சொன்னார்.

"பைலற்மார் ரோட்டுப் பேரைச் சொல்லித்தான் இறங்கிறவை."

எல்லோரும் தலையாட்டினார்கள். ரக்சி ஓட்டும் ஒருவர் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"உது எங்கட கொம்பனி அண்ணை. என்ர கார் நம்பரைத்தான் கூப்பிடுறாங்கள். வாறன்."

அவர் லிஃப்ற்றுக்குப் போய்ச் சேருமுன்பே, அத்தான் அன்ரனாவை இன்னும் கொஞ்சம் விமான நிலையத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.