தானாகச் சுற்றிய ஸ்டியரிங்

செய்யாற்று மணலில் வண்டி இறங்கும்வரை ஞானதாசுக்கு இரண்டு கைகளும் சரியாகத்தான் இருந்தன. கோடையில் மாகறல் பக்கம் ஆறு வெறும் மணல். பாலம் இருக்கும் இடத்துக்குச் சுற்றிக்கொண்டு போகாமல் குறுக்கே இறங்கி ஏறிவிடுவது அவன் வழக்கம். அன்றைக்கு மணலுக்குள் ஒரு கல் புதைந்திருந்தது கண்ணில் படவில்லை. முன்சக்கரம் அதில் மோதியதும் ஸ்டியரிங் அவன் பிடியை உதறிக்கொண்டு வெடுக்கென்று சுழன்றது. அதன் நடுக்கம்பி வலது மணிக்கட்டில் அடித்தது. வலி உடனே வரவில்லை. கை, கை மாதிரி இல்லாமல் ஒரு பக்கமாகத் தொங்குவதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு மூச்சு நின்றது.

பின்னால் கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மார்த்தாள் குதித்து ஓடிவந்தாள். "இன்னாய்யா, நடு ஆத்துல நிறுத்திக்கினு கீற?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், கையைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

உத்திரமேரூரை ஒட்டிய காலனியில் பிறந்தவன் ஞானதாஸ். அப்பனும் தாத்தனும் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர்கள். அந்தத் தெருவில் முதன்முதலாக டிரைவர் லைசென்ஸ் வாங்கியவன் இவன்தான். வாங்கி என்ன, கிடைத்த வண்டி அப்படிப்பட்டது. ஊரில் நிலபுலம் உள்ள சடையப்பன் மெட்ராஸில் ஏலத்தில் எடுத்துவந்த பழைய செவர்லே பிக்கப் அது. ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மாடல். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் சடையப்பன் அதில் ஒரு லாரியின் டீசல் இஞ்சினை இறக்கினார். அந்தக் கனத்தில் வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கியது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டுமானால் சீட்டை விட்டு எழுந்து, நெஞ்சை அதன்மேல் சாய்த்து இழுக்க வேண்டும். வந்த டிரைவர்களெல்லாம் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஞானதாஸ் மட்டும் நின்றான். "அது ஞானதாசு பேச்சத்தான் கேக்கும்" என்று கடைத்தெருவில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே அவன் கடைத்தெருவில் இறங்கி டீ குடிப்பான்.

சடையப்பன் செத்த பிறகு நிலமும் வண்டியும் அவர் மனைவி சொக்கம்மாள் கைக்கு வந்தன. பிள்ளை குட்டி கிடையாது. ஐம்பது வயதில் தானே காய்கறி போட்டு, தானே வண்டியில் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து, காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போய் விற்றுவிட்டு வருவாள். வழியில் அதிகம் பேசமாட்டாள். அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வருவாள். கை ஒடிந்த அன்றைக்கு மட்டும் அவள் வரவில்லை.

ஞானதாசின் கைக்கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. டம்ளர் பிடிக்க முடிந்தது. அதற்கு மேல் அதில் பலம் இல்லை. கொட்டகையில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து இழுத்துப் பார்த்தான். ஸ்டியரிங் சுவரில் பதித்ததுபோல் இருந்தது. இறங்கி நேரே சொக்கம்மாளிடம் போனான்.

"வேற ஆளப் பாத்துக்கம்மா. என் கை அவ்ளோதான்."

"எவன் வருவான் இந்த வண்டிக்கு?" என்றாள் அவள். "போயி மேஸ்திரியக் கேளு. வேற வழி எதுனா கீதான்னு."

மேஸ்திரி என்றது பாண்டுரங்கனை. மெட்ராஸில் வெளிநாட்டுக் கார்களைப் பிரித்து மாட்டும் பட்டறையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, காஞ்சிபுரம் போகும் சாலையில் ஷெட் போட்டிருந்தவர். ஞானதாசின் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து வெகுநேரம் வெளியே வரவில்லை.

"பவர் ஸ்டியரிங்னு ஒண்ணு கீது, தெரியுமா?" என்று அடியிலிருந்தே கேட்டார். "பெரிய பெரிய அமெரிக்கா கார்ல வரும். இஞ்சின்ல பெல்ட்டு மாட்டி ஒரு பம்ப சுத்த வுடுவான். பம்பு ஆயில அழுத்தும். நீ ஸ்டியரிங்கத் தொட்டாப் போதும், அந்த ஆயிலு போயி சக்கரத்தத் தள்ளும். நீ இழுக்கத் தேவல."

"ஆயிலு வண்டியத் திருப்புமா? இன்னா மேஸ்திரி, கை ஒடிஞ்சவன்கிட்ட விளையாடறியா?"

பாண்டுரங்கன் விளையாடவில்லை. சொக்கம்மாள் சரி என்றதும் மெட்ராஸ் போனார்; புதுப்பேட்டையில் உடைக்கப் போட்டிருந்த படகுபோல் நீண்ட ஓர் அமெரிக்கக் காரிலிருந்து பம்ப், சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பழைய ஸ்டியரிங் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, கீழே சக்கரத்தை இழுக்கும் தடியோடு சிலிண்டரைச் சேர்த்தார். இரும்புப் பட்டை வெட்டி வெல்டு வைத்து பம்பை இஞ்சினோடு பொருத்தினார். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் அது.

ஸ்டார்ட் பண்ணும் நாளன்று சொக்கம்மாள் பார்க்க வந்தாள். வண்டியின் முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. ஷெட்டுக்கு வெளியே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். ஞானதாஸ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இஞ்சின் பிடித்தது.

"மெதுவா தொடு" என்றார் பாண்டுரங்கன்.

இடது கையின் இரண்டு விரல்களை ஸ்டியரிங் மேல் வைத்தான். அவ்வளவுதான். அது அவன் விரல்களைத் தட்டிவிட்டு வலதுபக்கம் சடசடவென்று சுழன்று கடைசியில் போய் டம்மென்று இடித்து நின்றது. அவன் பதறி அதை இந்தப் பக்கம் இழுத்தான். முழுசாக இழுக்கக்கூட இல்லை. அதற்குள் இடதுபக்கம் அதே வேகத்தில் சுழன்று மறு கோடியில் இடித்தது. முன்சக்கரங்கள் அந்தரத்தில் முனகிக்கொண்டு திரும்பின. வண்டி ஜாக்கிமேல் ஆடியது. ஞானதாஸ் கதவைத் திறந்துகொண்டு குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு சாலைக்கே வந்துவிட்டான். அவனை அறியாமல் கை நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டது.

ஷெட்டுக்குள் ஆளில்லாத சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் அதிர்ந்துகொண்டே நின்றது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் குரல் மெல்லக் கேட்டது: "சடையப்பன்தான் வந்து குந்திக்கினு கீறாரு."

எல்லாரும் சொக்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அசையாமல் நின்று சொன்னாள்: "அவரு உசுரோட இருந்தப்ப இந்த வண்டிய இவ்ளோ வேகமா திருப்புனதில்ல."

பாண்டுரங்கன் இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடி முடியும்வரை சிலிண்டரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். உடைத்த காரில் டிரைவர் உட்காருவது இடதுபக்கம், இதில் வலதுபக்கம். சிலிண்டர் எதிர்த்திசையில் மாட்டியிருந்தது. தொட்ட அளவோடு நிற்க வேண்டிய ஆயில் நிற்காமல், இன்னும் இன்னும் என்று அந்தப் பக்கமே கடைசிவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு குழாய்களையும் இடம் மாற்றி மாட்டினார்.

மறுபடி ஏறச் சொன்னபோது ஞானதாஸ் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இந்தத் தடவை ஸ்டியரிங் தொடும்வரை சும்மா இருந்தது. தொட்டபோது, தொட்ட அளவுக்கு நகர்ந்தது. ஜாக்கியை இறக்கிவிட்டு வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். அவன் பழக்கதோஷத்தில் தோளைக் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தான். வண்டி அப்படியே திரும்பி மேஸ்திரியின் பழைய டயர் குவியலுக்குள் மூக்கை நுழைத்தது. கூட்டம் சிரித்தது. பின்வாங்கி எடுத்து, கிராமத்துச் சாலையில் ஒரு விரலால் போய் ஒரு விரலால் திரும்பி வந்தான்.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஏதோ காலியாக இருந்தது. இத்தனை வருஷம் தோள் இறங்க இழுத்தானே, அது இவ்வளவுதானா? அந்த வண்டி இனி யார் பேச்சை வேண்டுமானாலும் கேட்கும். அந்த நினைப்பு முடிவதற்குள் சொக்கம்மாள் கதவருகே வந்து நின்றாள்.

"எறங்கு."

இறங்கினான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"கிளச்சு இது. தெரியும். மொதோ கியரு எந்தப் பக்கம் போடுவ, அத மட்டும் சொல்லு."

ஞானதாஸ் கியர்க் கம்பியைப் பிடித்துக் காட்டினான். அவள் சொன்னாள்: "அவர ஒரு தரம் கேட்டேன். திருப்பிப் பாரு, திரும்புச்சின்னா கத்துத் தரேன்னாரு. அசையல. இது பொம்பளைக்கு வராதுன்னு எறக்கி வுட்டாரு. இப்ப அசையுதுல்ல?"

அன்று வீட்டுக்குப் போனதும், "என் வேலை போச்சு மார்த்தா" என்றான். நடந்ததைக் கேட்டு முடிப்பதற்குள் மார்த்தாள் சிரித்து விழுந்தாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள். அவளும் அதே சொக்கம்மாள் நிலத்தில் கூலிக்குப் போகிறவள். வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியாமல் இல்லை.

வேலை போகவில்லை. லைசென்ஸ் அவனிடம்தானே இருந்தது. அவன் பக்கத்தில் இல்லாமல் அவள் ஓட்ட முடியாது. ஆனால் இடம் மாறிவிட்டது. சொக்கம்மாள் முதல்முதலாகக் கடைத்தெரு வழியாக ஓட்டியபோது, சலூனில் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்து நுரையோடு தெருவுக்கு வந்தார். தராசைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றான். பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். "ஞானதாசு, எப்பலருந்து கிளீனர் ஆன?" என்று ஒருவன் கேட்டான். ஞானதாஸ் இடதுபக்கச் சீட்டில் குனிந்துகொண்டான்.

ஐப்பசியில் நல்ல மழை. பெரிய ஏரி கரை தொட நிறைந்திருந்தது. ஒரு காலையில் நடவுப் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சொக்கம்மாள் கரைமேல் ஓட்டிப்போனாள். அந்தப் பெண்களில் மார்த்தாளும் இருந்தாள். மதகு அருகில் பாதை வலதுபக்கம் வளையும். அந்த வளைவில் பானட்டுக்குள் சாட்டையடி போல ஒரு சத்தம் கேட்டது. பம்பைச் சுற்றும் பெல்ட் அறுந்துவிட்டது.

சொக்கம்மாள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அது திரும்பவில்லை. நேரே எதிரில் தண்ணீர். அவள் கால் பிரேக்கை மறந்துபோனது.

"பிரேக்கு, பிரேக்கும்மா" என்று கத்திக்கொண்டே ஞானதாஸ் அவள்மேல் பாய்ந்தான். கோணல் கையை முழங்கைவரை ஸ்டியரிங் கம்பிக்குள் விட்டுக் கொக்கி போட்டு, இடது கையால் வளையத்தைப் பிடித்து இழுத்தான். பழைய கனம். பழைய கனத்தைவிட இன்னும் கனம். அவளுடைய இரண்டு கைகளும் அவன் கைமேல் வந்து விழுந்து சேர்ந்து இழுத்தன. சேற்றில் சக்கரங்கள் வழுக்கின. மெல்ல, மிக மெல்ல மூக்கு திரும்பியது. அவள் கால் ஒருவழியாகப் பிரேக்கை மிதிக்க, வண்டி கரை விளிம்பில் ஒரு சக்கரம் தொங்க நின்றது.

பின்னாலிருந்த பெண்கள் அலறிக் குதித்தார்கள். முன்னால் இருந்த இருவரும் அசையவில்லை. சொக்கம்மாளின் கைகள் அவன் கையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன. அவள் வீட்டு வாசற்படிக்கு உள்ளே அவன் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அங்கே குடிக்கத் தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்கள். வண்டிச் சாவியைக்கூட அவன் மதில்மேல் வைத்துவிட்டுத்தான் வருவான். இப்போது அவள் நகம் அவன் தோலில் பதிந்திருந்தது. ஓடிவந்த மார்த்தாள் ஜன்னலில் தலையை நீட்டினாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் பயத்தைவிட, அந்தத் தொடுகையை வேறு யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் ஞானதாசுக்குப் பெரிதாக இருந்தது. சொக்கம்மாள் கையை எடுக்கும்வரை தன் கையை அசைக்காமல் வைத்திருந்தான்.

சொக்கம்மாள் இறங்கிப் போய் மதகுக் கல்லில் உட்கார்ந்தாள். தொங்கிய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஸ்டியரிங் பக்கமே வரமாட்டாள் என்று அவன் நினைத்தான்.

"பெல்ட்டு அறுந்தா இப்டி ஆவும்னு எவனும் சொல்லலியே" என்றாள்.

"மேஸ்திரிக்கும் தோணலம்மா."

"ரெண்டு பெல்ட்டு வாங்கி வண்டிலயே போட்டு வையி."

"இனிமே யாரும்மா ஓட்றது?"

அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஓட்டறப்ப நீ பக்கத்துல இரு. நீ ஓட்டறப்ப நான் இருக்கேன். கை நாலு வேணும்போல கீது இதுக்கு."

அப்படித்தான் நடந்தது. மார்க்கெட்டுக்குப் போகும்போது அவள் ஓட்டுவாள், திரும்பும்போது அவன். அவளுக்குக் கண் மங்கும்வரை, அந்த இஞ்சின் கையை விரிக்கும்வரை, பல வருஷம் அந்த முறை மாறவில்லை. கிளீனர் என்று கூப்பிட்டவர்களும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷப் பொங்கல் முடிந்து சொக்கம்மாள் லைசென்சுக்குக் காஞ்சிபுரம் போனபோது, அதிகாரி அவளை வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். ஒரு தூணையும் இடிக்காமல் எடுத்தாள். அவருக்கு நம்ப முடியவில்லை. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

"இவருதான் சார்" என்று ஞானதாசைக் காட்டினாள் சொக்கம்மாள்.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து சொக்கம்மாளின் தெருக்காரர்கள் வாயிலிருந்து அவனுக்கு அவன், இவன், ஏய் தவிர வேறு வந்ததில்லை. திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். ஓரிக்கை தாண்டும்வரை காதில் அந்த 'இவரு'தான் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி ஒருமுறை சாலையை விட்டே இறங்கப்பார்த்தது. "ஏய் ஞானதாசு, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் அவள், எப்போதும்போல.

வீட்டில் மார்த்தாளிடம் சொன்னான். அவள் நம்பவில்லை.

"ஏரிக்கரைல உனக்குக் காதுலயும் அடிபட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்: "மெய்யாலுமா சொன்னாங்க?"