அஞ்சுகம் சவுண்டு சர்வீஸ்

வரிச்சிக்குடி பூமிநாதன் யார் பாட்டைப் பற்றியும் நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை சொன்னதாகக் காரைக்கால் வட்டாரத்தில் யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஊமையா என்றால் இல்லை. சாப்பாடு ஆச்சா என்று கேட்பார், மழை வருமா என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். பாட்டு விஷயத்தில் மட்டும் வாய் திறக்காது. பேசியதெல்லாம் அவருடைய வலது கைதான். அந்தக் கை பேசிய பேச்சுக்குத்தான் பாவம், மனுஷன் மூன்று மாதம் தானே சமைத்துச் சாப்பிட வேண்டி வந்தது.

அவர் மைக்செட் வைத்திருந்தார். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபயர், மூன்று மைக், ஒரு பெட்டி நிறைய ரிக்கார்டு. எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டில் 'அஞ்சுகம் சவுண்டு சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். அஞ்சுகம் அவர் மனைவி. எழுபத்தாறில் கல்யாணம், எழுபத்தேழில் மைக்செட். பெயருக்கு அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கம் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட ஒரு திருகு இருந்தது. பாடுகிறவர் சுருதியை விட்டு விலகினால் பூமிநாதன் கை தானாகப் போய் அதைக் குறைத்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. கொசு கடித்தால் யோசித்துவிட்டா சொறிகிறோம்? கொஞ்சம் விலகினால் ஆறு, ரொம்ப விலகினால் மூன்று. ஒன்றுக்குப் போனவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு, அவர்கள் பெயர் நமக்கெதற்கு.

இதற்கு வித்வான்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? சுருதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்த கமாலுதீன், மைக் ஈரக்காற்றைக் குடித்துவிட்டது என்று சொல்லி அதை வெயிலில் காயவைத்தார். நாயனக்காரர் மாரிக்கண்ணு, "தம்பி, அந்த ஒயரக் கொஞ்சம் பாருங்க" என்பார். ஒயரைப் பார்த்தாகிவிட்டது என்றால், "நல்லாப் பாருங்க" என்பார். பஜனைக் கோஷ்டி திருகுக்குச் சூடம் காட்டித் திருஷ்டி கழித்தது. ஜனங்கள் நல்லா இருந்தது என்று சொன்னபோது மட்டும் இவர்களில் ஒருவர்கூட ஒயரைச் சரிபார்க்கச் சொன்னதில்லை.

நாளாக ஆக, மேடையில் இருப்பவர்கள் ஜனங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு பூமிநாதன் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜனங்களும் மேடையை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள். அவர் காதோரம் சொறிந்தால்கூட நாயனம் ஒரு கணம் நின்று பிறகுதான் தொடரும். கடைசியில் மாரிக்கண்ணு ஒரு தகரப் பெட்டி செய்துவந்து திருகின் மேல் கவிழ்த்துப் பூட்டி, சாவியைக் கோயில் தர்மகர்த்தாவிடம் கொடுத்துவிட்டார். பூமிநாதன் பூட்டைப் பார்த்தார். கை அரித்தது. தென்னை மரத்தில் ஏறி, குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் வயல் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார். அன்று சாமி புறப்பாட்டுக்கு மாரிக்கண்ணு வாசித்த மல்லாரியை முழுசாகக் கேட்டது வரிச்சிக்குடி நெல்தான். அந்த வருஷம் விளைச்சல் குறைந்ததற்கு மாரிக்கண்ணு காரணமில்லை, புகையான் பூச்சிதான் காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படியே போயிருந்தால் வம்பில்லை. எண்பத்தொன்று சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு அஞ்சுகத்தின் அண்ணன் சொக்கநாதன் பாட வந்தார். நிரவியில் குடியிருப்பு, அரசாங்க ஆபீசில் கிளார்க், மூச்சைப் பிடித்து இழுத்தால் ஒரு வரியை ஒரு ஃபர்லாங் இழுப்பார். அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். பூமிநாதன் வலது கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வரிக்குத் தாங்கியது. இரண்டாவது வரியில் கை வெளியே வந்து எட்டில் இருந்த திருகை இரண்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அந்த நேரம் பார்த்து ஜனங்கள் வேறு கைதட்டித் தொலைத்தார்கள்.

சொக்கநாதன் மேடையை விட்டு இறங்கி, நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். "கெளம்பும்மா" என்றார். அஞ்சுகம் பையில் நாலு புடவையை எடுத்து வைத்தாள். வாசலில் வந்து நின்ற புருஷனிடம், "எங்கண்ணன் எனக்கு அப்பா மாதிரிங்க. நாலு பேர் முன்னாடி அவரப் போயி ரெண்டுல வச்சீங்களே" என்றாள். மூன்றில் வைத்திருந்தால் போயிருக்க மாட்டாளோ என்று பூமிநாதன் பல நாள் யோசித்தார்.

மூன்று மாதம் ஆயிற்று. சோறு தினமும் அடிப்பிடித்தது. குழாய் ஸ்பீக்கரில், மைக்கில், ரிக்கார்டு பெட்டி மூடியில், எங்கே திரும்பினாலும் சிவப்பெழுத்தில் அஞ்சுகம், வீட்டில் மட்டும் அஞ்சுகம் இல்லை. மனுஷன் சாயங்காலங்களில் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டே ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பார். ஏக்கம் தாங்காத பாட்டு. தனியாகத்தான் பாடுவார் என்பதால் திருகைக் குறைக்க அங்கே யாரும் இல்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் நிரவிக்குப் போய் மச்சான் எதிரில் நின்றார். சொக்கநாதன் உட்காரச் சொல்லவில்லை.

"என் பாப்பாவுக்கு இருபதாந்தேதி காதுகுத்து வச்சிருக்கேன். மைக்செட் நீங்கதான் கொண்டாரணும். நான் மூணு பாட்டுப் பாடுவேன். மூணும் முடியிற வரைக்கும் திருகு பத்துல நிக்கணும். நின்னுச்சுன்னா அன்னைக்கே அஞ்சுகத்த உங்ககூட அனுப்பி வைக்கிறேன்."

"கொறஞ்சா, மச்சான்?"

"கொறஞ்சா அவ இங்கயே இருக்கட்டும்."

உள்ளே கதவோரம் வளையல் சத்தம் கேட்டது. அஞ்சுகம் எட்டிப் பார்த்தாள், இளைத்திருந்தாள், கண்ணைச் சுற்றிக் கருவளையம். தூக்கமே இல்லாதவள் மாதிரி இருந்தாள். தன்னை நினைத்துத்தான் என்று பூமிநாதன் சந்தோஷப்பட்டுக்கொண்டு திரும்பினார்.

காதுகுத்து அன்று காலை பந்தலில் எல்லாம் தயார். ஆசாரி காது குத்தி முடித்தார், குழந்தை வீறிட்டு அழுதது. பூமிநாதன் பாய்ந்துபோய் அதை வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். குழந்தையைச் சமாதானப்படுத்துகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். திருகு பத்தில் இருந்தது. சொக்கநாதன் தொண்டையைச் செருமினார், வேப்ப மரத்திலிருந்த காக்கைகள் அப்போதே கிளம்பிவிட்டன.

முதல் பாட்டு. பூமிநாதன் கை துடித்தது. குழந்தையை இன்னும் இறுக்கினார். இரண்டாவது பாட்டில் சமையல்காரர் அண்டாவைப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். குழந்தை ஒரே சுருதியில் அழுதுகொண்டிருந்தது. பூமிநாதன் அந்த அழுகையில் மனசை நிறுத்தி, அஞ்சுகம், அஞ்சுகம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே தாண்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொக்கநாதன் அதைப் பார்த்து உருகிப்போய், மூன்றாவது பாட்டை இன்னும் உச்சத்தில் எடுத்தார்.

நாலு வரிதான் பாக்கி. அப்போது ஸ்பீக்கர் சட்டென்று நின்றுபோனது. சொக்கநாதன் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் பூமிநாதன் கைகளைப் பார்த்தார். இரண்டும் குழந்தையின் மேல் இருந்தன. பிறகு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். திருகின் மேல் வளையல் போட்ட கை ஒன்று இருந்தது. திருகு இரண்டில் இல்லை, ஒன்றில்கூட இல்லை. அஞ்சுகம் அதை மொத்தமாக மூடியிருந்தாள்.

"என்னம்மா, ஒயர் கழண்டுருச்சா?" என்றார் சொக்கநாதன்.

"ஒயர் நல்லாத்தாண்ணே இருக்கு." அஞ்சுகத்துக்கு அழுகை வந்துவிட்டது. "மூணு மாசமா விடியக்காலைல நாலு மணிக்கெல்லாம் நீங்க சாதகம் பண்ணுறதக் கேக்குறேன். கோச்சுக்காதீங்கண்ணே. சேரல."

பேச்சு முறிந்துவிட்டது, திருகு பத்தில் நிற்கவில்லை, இனி அவள் இங்கேதான் என்று பூமிநாதன் நினைத்தார். சொக்கநாதன் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் பூமிநாதன் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, இவளக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க. இவள இனிமே என் வீட்டுல வச்சிருக்க முடியாது. ரெண்டு பேரும் சாப்புட்டுட்டே போங்க. ஆனா இன்னைக்கே போங்க."

சாயங்காலம் மாட்டு வண்டியில் சாமானெல்லாம் ஏற்றியாயிற்று. அஞ்சுகம் ரிக்கார்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பூமிநாதன். வாய்க்கால் தாண்டியதும் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று மாதமாகத் தனியாகப் பாடிய அந்தப் பாட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டே பாடினார். நாலு வரி போயிருக்கும். அஞ்சுகம் அவர் தொடையில் கை வைத்தாள்.

"என்னங்க. நீங்களும் பாடாதீங்க."

பூமிநாதன் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து சக்கரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சக்கரம் கிரீச்சுங்குதுல்ல, அதான் ஒனக்கு அப்படிக் கேக்குது. வண்டிக்காரரே, நிறுத்தி அச்சுக்குக் கொஞ்சம் எண்ண போடுங்க."

"நேத்துதாங்க போட்டேன்" என்றார் வண்டிக்காரர்.