அட்டையில் எழுதிய அறுபத்தைந்து

ஆடித்தபசுத் திருவிழாப் பொருட்காட்சியில் கடை போடப்போகிறோம் என்று அம்மா சொன்ன நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய பயம் மெல்ல என்னையும் பிடித்துக்கொண்டது.

எங்கள் தெருவில் தறி வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே வியாபாரிதான் நூல் கொடுத்தார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். நெய்த சேலையை அவரிடமே கொடுக்க வேண்டும். சேலைக்குப் பதினோரு ரூபாய் கூலி. கூட்டிக் கேட்டால், "சேலையே முப்பத்தஞ்சுக்குத்தான் போகுது, நான் எங்க போக?" என்பார். அது மெய்யா பொய்யா என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் மாமா மதுரைக்குப் போனபோது, ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் அம்மா நெய்த சேலையைப் பார்த்துவிட்டார். எழுபது ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்ததாம். அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டாள். சரக்குத் தேங்கிவிட்டதென்று அண்ணாச்சி ஒரு மாதம் நூலை நிறுத்தியபோது, மாமாவை விட்டுக் கடையநல்லூரிலிருந்து நூல் வாங்கி வரச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு எட்டுச் சேலைகள் நெய்தார்கள். கதவைச் சாத்தலாம், தறிச் சத்தத்தைச் சாத்த முடியுமா? தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே, அண்ணாச்சியின் ஆளோ என்று மிதிபலகையில் அப்பாவின் கால் நின்றுவிடும்.

பொருட்காட்சியில் எங்களுக்குக் கிடைத்த கடை, வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவில் இருந்தது. அப்பா எட்டுச் சேலையையும் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒருவரும் நிற்கவில்லை. அம்மா அடுக்கைக் கலைத்தாள். குறுக்கே கயிறு கட்டி, முந்தி வெளியே தெரியும்படி சேலைகளைத் தொங்கவிட்டாள். அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலையை மட்டும் வெயில் விழும் பக்கமாக இழுத்துவிட்டாள்.

பிறகு என்னிடம் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொடுத்து, பின்பக்கத்தில் விலை எழுதச் சொன்னாள். வீட்டில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும்.

"எழுதிப் போடாத. கேக்கவங்களுக்கு வாயால சொல்லிக்கிடுவோம். அண்ணாச்சி காதுக்குப் போச்சுன்னா அப்புறம் நூலே கிடையாது" என்றார் அப்பா.

"விலை போடாட்டா பொம்பளையளு கேக்கதுக்குக் கூச்சப்பட்டுப் போயிருவாளுவ. நீ எழுதுட்டி, அறுவத்தஞ்சு. தூரத்துலருந்து தெரியணும்."

நான் எழுதினேன். முதல் அட்டையில் ஐந்து கோணிவிட்டது.

விலையைத் தூரத்திலேயே படித்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். டீச்சர்போல் இருந்த ஒரு அம்மாள் பேரம் பேசாமல் ஒரு சேலையை வாங்கிக்கொண்டு போனாள். அப்போது எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் எதிரே நின்றிருந்தார்கள். சேலையைப் பார்க்காமல் அட்டையையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அத்தையின் உதடு மட்டும் ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. அவர்கள் போய் அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன்.

டீ வாங்கி வருவதாக அப்பா போன கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் தோல் பை. கூட்டம் தானாக விலகியது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். எதிரே ராட்டினத்துக்குப் பின்னால் அப்பா தூக்குவாளியோடு நின்றார். எங்களைப் பார்த்தார், ஆனால் வரவில்லை.

அண்ணாச்சி பச்சைச் சேலையை விரலால் நீவிப் பார்த்தார். அட்டையைத் திருப்பினார்.

"இது யாரு எழுத்து?"

அம்மா வாயைத் திறக்குமுன் நான் அழுதுகொண்டே, "நான்தான்" என்றேன். போலீசில் பிடித்துக்கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"எழுத்து நல்லாருக்கு மக்கா" என்று சிரித்தார். "மிச்சம் எத்தனை, ஏழா? ஏழையும் கட்டு தாயி. போட்ட விலைக்கே எடுத்துக்கிடுதேன். அந்த அட்டையளையும் கொடுத்துரு."

அம்மா ஒருமுறை எதிரே நின்ற தெருக்காரர்களைப் பார்த்தாள். பிறகு, "சேலையக் கொண்டு போங்க அண்ணாச்சி. அட்டை விலைக்கில்ல" என்றாள்.

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார். பணத்தைப் பலகைமேல் வைத்தார். சேலைகளை எடுத்துக்கொண்டு, அட்டைகளை அவர் கையாலேயே பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். எதிரே நின்ற தெருக்காரர்கள் அதையும் பார்த்தார்கள்.

எல்லாம் விற்றுவிட்டதென்று நான் குதித்தேன். அம்மாவோ வெறும் கயிற்றை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போன பிறகு அப்பா வந்தார். அவள் எழுந்து கயிற்றை அவிழ்த்தாள்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணாச்சி தெருவுக்கெல்லாம் மறுபடி நூல் கொடுத்தார்; எங்களுக்கு மட்டும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. கடையநல்லூரிலும் மாமாவுக்கு நூல் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அப்பா கூலித்தறிக்கு ராஜபாளையம் பக்கம் போனார். தெருவில் மற்றவர்கள் எல்லோரும் ஒன்றாகப் போய் அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றதாகவும், கூலி பதினான்காகிவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள். என் எழுத்து நன்றாக இருந்ததால்தான் ஏழு சேலையும் ஒரே ஆளுக்கு விற்றது என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை தினமும் மத்தியானம் ஒரு கிண்ணத்தில் குழம்பும், மூடிய தட்டில் சோறும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போவாள். அவள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கும் கொண்டு வருவீர்களா என்று கேட்டேன்.