சைலன்ட்டில் வைத்த தேர்வு

வெடிமருந்து அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் போன், சனிக்கிழமை காலை சரியாகப் பதினோரு மணிக்கு அதிரும்படி ஏற்பாடு செய்தவன் நான்தான். வேதியியல் வாத்தியார், இருபத்தாறு வருட சர்வீஸ். இதைவிடக் கேவலம் குறைந்த வாக்குமூலம் ஏதாவது கைவசம் இருந்தால் அதை எழுதித் தப்பித்திருப்பேன்.

அந்த வருடம் எங்கள் கல்லூரி மின்னூலுக்கு மாறியது. நாட்டுக்கே காலண்டரும் நோட்டும் அச்சடிக்கிற ஊரில் காகிதம் வேண்டாம் என்று முதலில் சொன்ன வாத்தியார் என்ற பெருமையும் எனக்குத்தான். மின்னூலோடு இணையத்தில் வீடியோ, பயிற்சி, வாராந்தரத் தேர்வு எல்லாம் வந்தன. குளோரேட்டும் சர்க்கரையும் எரிகிற வெளிநாட்டு வீடியோவை வகுப்பில் போட்டேன். கவசம், கையுறை சகிதம் ஒருவர் சிட்டிகை அளவைக் கொளுத்திவிட்டுப் பின்னால் பாய்ந்தார். "பாவம் சார், பயந்த ஆளு போல" என்றான் கடைசி வரிசையில் ஒருத்தன். மேஜையை ஓங்கிக் குத்தினேன். மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கை மூன்று நாள் வீங்கிக் கிடந்தது.

தேர்வு சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்குத் திறக்கும், பன்னிரண்டுக்கு மூடும். மாணவர்களில் பாதிப் பேர் சனி, ஞாயிறு பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். பொறி கிளம்பும் என்ற பயத்தில், போனை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கம்பெனிக்குள் விடுவார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடைசித் தேர்வு. அதை விட்டால் இன்டர்னல் மார்க் போதாது, செமஸ்டர் எழுத முடியாது. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மாவோடு வேலை பார்த்துவந்த மூன்றாம் வருட மாணவி ஒருத்தி, போனைச் சைலன்ட்டில் வைத்து, சுடிதாருக்கு மேல் போட்டிருந்த ஆண்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீக்கு விடும்போது வேலியோரம் நின்று எழுதிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். நான் வைத்த நினைவூட்டல் டீக்கு முன்பே வந்துவிட்டது. மடியில் பாதி மருந்து செலுத்திய குழாய், எதிரே அம்மா, சட்டைக்குள் போன் உறுமுகிறது.

அம்மா மகளை மயிரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். மற்ற பெண்கள் காட்டைப் பார்த்து ஓடினார்கள். மண்ணில் தள்ளி மிதித்து, கை ஓயும்வரை அடித்தாள். போர்மேன் போனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்துவிட்டு இருவரையும் கேட்டுக்கு வெளியே தள்ளினார். இதெல்லாம் அந்தப் பெண் பிறகு சொன்னது.

ஒரு மணிக்கு இருவரும் என் அறையில் நின்றார்கள். உடம்பெல்லாம் அலுமினியப் பவுடர். மகளுக்கு உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. கன்னத்தில் ஐந்து விரலும் தடித்து வெள்ளியாக மினுங்கின.

"திரும்பத் தொறந்து விடுங்க சார். எழுதிருதேன்."

திறக்க இரண்டு பட்டன் போதும். ஆனால் முந்தின வாரம்தான் அவகாசம் கேட்ட மூன்று பேரை விரட்டியிருந்தேன். அந்தக் கெத்து இன்னும் இறங்கவில்லை.

"நா என்னம்மா செய்ய? மிஷின் ஜீரோ போட்டிருச்சு" என்றேன்.

அம்மா முதன்முறையாக வாயைத் திறந்தாள். "எத்தன மணிக்கு அடிக்கணும்னு மிஷினுக்கு யாரு சொன்னா?"

"நான்தான்."

கன்னத்தில் அறை விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி சுவரில் மோதி நொறுங்கியது. காதுக்குள் ஒரு சரம் வெடித்து ஓய்வதற்குள் இரண்டாவதும் அதே கன்னத்தில்.

"இவ அப்பன சாக்குல அள்ளிட்டு வந்தவ நானு. இவளயும் அள்ள விட்டிருப்பீகளே சார்."

அறைந்த பிறகும் 'சார்' போடுகிற மரியாதையை எங்கள் பக்கத்தில் மட்டும்தான் பார்க்கலாம். மூன்றாவதற்கு ஓங்கிய கையை மகள் தொங்கிப் பிடித்தாள். "யம்மா, விடும்மா. மார்க்கு அவருதான் போடணும்."

கண்ணாடி இல்லாமல் எனக்குத் திரை தெரியவில்லை. எந்த இரண்டு பட்டன் என்று நான் சொல்ல, அவளே அமுக்கிக்கொண்டாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டில் சொட்டிய ரத்தத்தைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து இருபது நிமிடத்தில் முடித்தாள். அதுவரை அம்மா வாசலை மறித்து நின்றாள். நான் மூலையில் நின்றேன். பத்துக்கு ஒன்பது. தவறிப்போன ஒன்றில் கேள்வியே தப்பு. அதைத் தயாரித்தவன் நான்.

சாயங்காலம் வெளியேறும்போது, வருகை பதியும் கருவிக்கு முகத்தைக் காட்டினேன். ஒரு பக்கம் வீங்கி, வெள்ளி பூசி, கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அது நான்கு முறையும் ஏற்காமல் தள்ளியது.

"அரை நாள் லீவு விழும் சார்" என்றார் ஆபீஸ் அட்டெண்டர்.

"ஏம்ப்பா, காலையிலிருந்து இங்கதான கெடக்கேன்? மத்தியானம் நான் வாங்குனத நீயும்தான பாத்த?"

"ரெண்டையும் பாத்தேன் சார். நா என்ன செய்ய, மிஷின் போட்டிருச்சு."