ஒன்றாம் எண்ணுக்கு நேரே ஒரு கோடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பல விஷயங்கள் மறந்தும் போயின. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காரைக்காலில் ஒரு கல்லூரியில் ஆயா வேலை பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். ஆனி மாதம் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்ப்பார்கள். பத்து நாள் கல்லூரி பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். எந்தப் படிப்பு எடுக்கலாம் என்று யோசனை சொல்ல ஒரு பேராசிரியரை உட்கார வைத்திருப்பார்கள். விண்ணப்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பம் எழுதியிருக்கும். அவர் பேசி ஒன்றை முடிவு செய்து வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்குவார். வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதும், முடிந்த தாளை ஆபீசில் கொடுப்பதும் என் வேலை.

பெயர் என்றால் பெண்ணின் பெயர் இல்லை. அப்பா பெயரைத்தான் கூப்பிடுவோம். பையன்கள் அப்பாவோடு உள்ளே போவார்கள். பெண்கள் தாழ்வாரத்தில் நிற்பார்கள், ஆம்பளைகள் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை. நடந்தது, நானும் நடத்தினேன்.

கடைசி நாள். குரும்பகரத்துப் பெண் ஒருத்தி, அப்பா இல்லாதவள். தாய்மாமன் கூட்டி வந்திருந்தார். அம்மாவும் வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்திலேயே நின்றுவிட்டாள். பெண் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேன்.

"அம்மாவ ஏன் வெயில்ல நிக்க வச்சிருக்க?"

"மாமாதான் சொல்லிட்டாங்க ஆயா. நல்ல காரியம், தாலி இல்லாதவ முன்னால வராதன்னு."

"நீ என்ன படிக்கப் போற?"

"கணக்கு. எங்க பள்ளிக்கூடத்துல கணக்குல நான்தான் மொத மார்க்கு."

மாமன் உள்ளே போனார். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. பேராசிரியர் தாளைப் புரட்டவே இல்லை. மார்க் பட்டியல் பின்னால் குத்தியிருந்தது.

"கட்டிக் குடுக்குற வரைக்கும்தானே? கணக்குன்னா மண்டைய ஒடைச்சுக்கணும். வரலாறு போட்டுடட்டுமா?"

"நீங்க பாத்து எது சொன்னாலும் சரிங்க சார்."

"அப்புறம் கணக்குல புலியா ஒரு மாப்பிள்ளையத் தேடி நீங்க அலையணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிவப்புப் பேனா ஒரு இழுப்பு இழுத்தது. மாமன் கையெழுத்துப் போட்டார்.

தாள் என் கைக்கு வந்தது. ஆபீசுக்கு இருபது அடி இருக்கும். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. ஆனால் ஒன்றாம் எண்ணுக்கு நேரே கோடு விழுந்திருப்பது தெரிய இங்கிலீஷ் வேண்டாம். நான் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குக் கால் ஆபீசுப் பக்கம் போகவில்லை. தாழ்வாரத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"நான் இத கேக்கலயே ஆயா."

"எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? உள்ள வா."

பேராசிரியர் எங்களைப் பார்த்துப் பேனாவை வைத்தார். "யாரும்மா இந்தப் பொண்ண உள்ள விட்டது?"

"நான்தாங்க சார். பின்னாடி மார்க்கு இருக்கு. ஒரு தடவ பாருங்க."

"யோசனை சொல்ல உன்னப் போட்டிருக்காங்களா, என்னப் போட்டிருக்காங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. அந்தப் பெண்ணே தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பார்த்தார். "மாமா கையெழுத்துப் போட்டாச்சு. அவரு மாத்திக் குடுத்தா மாத்துறேன்" என்றார்.

"கூட்டத்துல மானத்த வாங்கிட்டு கையெழுத்து வேற கேக்குதா? மாட்டேன்" என்றார் மாமன்.

மூன்று மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். நான் ஓடிப்போய் ஆபீஸ் குமாஸ்தாவைக் கேட்டேன், யார் கையெழுத்துச் செல்லும் என்று. "தாய் தகப்பன் யாராவது இருந்தா அவங்கதான். இல்லாட்டிதான் கார்டியன்" என்றார், தலையைத் தூக்காமலே. இத்தனை நாளில் ஒரு தாயைக்கூட நாங்கள் உள்ளே கூப்பிட்டதில்லை.

சைக்கிள்களுக்கு நடுவில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"நான் வரப்படாதும்மா."

"ஒங்க பொண்ணுக்குக் கணக்கு வேணுமா வேணாமா? வாங்க."

அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நகத்தில் நாற்றங்கால் சேறு. குமாஸ்தாவின் ரப்பர் ஸ்டாம்பு மையில் பெருவிரலைத் தோய்த்து, பெண் கணக்கு என்று எழுதிக் கொடுத்த புதுத் தாளில் அழுத்தினாள். மாமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். பெண்ணுக்குக் கணக்குக் கிடைத்தது.

நல்லதுதானே என்பார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அடுத்த வருடமும் அதே பேராசிரியர்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை வாசலிலிருந்து எடுத்து ரசாயனக் கூடத்தில் குப்பி கழுவப் போட்டார்கள். அது போகட்டும். முந்தின ஒன்பது நாளும் தாள்களைச் சுமந்தேனே, ஒன்றையாவது குனிந்து பார்த்தேனா? எத்தனை பெண்கள் கேட்டது ஒன்றும் கிடைத்தது வேறொன்றுமாக வீட்டுக்குப் போனார்கள்? சீட்டு இல்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். சீட்டு இருந்தது. அந்த ஆளுக்குத் தாளைத் திருப்பக் கை வலித்தது.

அந்த விண்ணப்பக் கட்டுகள் ஏதாவது அலமாரியில் இன்னும் கிடந்தால், அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாராவது எடுத்துப் பாருங்கள். எந்த வருடம், மூடினது மூன்று மணியா நான்கு மணியா என்பதில் நான் பிசகியிருந்தால் திருத்துங்கள். அப்படியே பெண்களின் தாள்களையும், பின்னால் குத்தியிருக்கிற மார்க்கையும் சேர்த்துப் பாருங்கள்.