அல்போன்சா அக்காவின் கறிச்சக்கை மரம்

திண்டுக்கல்லில் எங்கள் சந்துக்கு அல்போன்சா அக்கா வாக்கப்பட்டு வந்தது கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து. வந்த நாள் முதல் எங்கள் ஊர்மேல் அவருக்கு ஒரே குறை, இங்கே கறிச்சக்கை கிடைக்காது. சீமைப்பலா என்போமே, அதுதான். தேங்காய் அரைத்து வைத்தால் ஆட்டுக்கறியே தோற்றுவிடும் என்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

தொண்ணூற்றெட்டில் தாய்வீட்டுக்குப் போனவர், ஒரு கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கொல்லையில், தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு காதர் பீவிக்கும் பொதுவான துவைகல் ஓரமாக நட்டார். லாரி ஓட்டும் கணவர் ஆரோக்கியதாஸ் சிரித்தார்.

"சிறுமலைப் பலாவே மலைய விட்டு இறங்க மாட்டேங்குது. கடக்கரை மரம் இந்த வெயில்ல நிக்குமாக்கும்?"

அக்கா விடவில்லை. முதல் காயைக் கோயில் ஏலத்துக்குத் தருவதாக அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார். அரிசி கழுவியது, மீன் கழுவியது என்று எல்லாத் தண்ணீரும் அதற்கே போனது. மரம் கூரையை எட்டியது.

அப்போதுதான் அந்தப் பெரிய வறட்சி வந்தது. அதே கோடையில் அக்காவின் அம்மா படுத்த படுக்கையாகிவிட, அவர் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. கணவரோ பாதி மாதம் லாரியில். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்கா யாரையும் கேட்கவில்லை. அந்த வருஷம் எங்கள் சந்தில் நகையைக்கூட இரவல் கேட்கலாம், ஒரு குடம் தண்ணீர் கேட்க வாய் வராது. "இனி அந்தோணியார் பாடு" என்று மரத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது சந்தில் முருங்கைகூட மொட்டையாக நின்றது. கறிச்சக்கை மட்டும் துளிர்விட்டிருந்தது, அடிமண்ணில் ஈரம். அக்கா மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செத்த நேரத்தில் காதர் பீவி செம்பும் மணையுமாக வந்தார். மூட்டுவலிக்காரர். மரத்தடியில் மெல்ல உட்கார்ந்து, தொழுகைக்கு ஒளு செய்யத் தொடங்கினார். கை, முகம், கால் கழுவிய தண்ணீர் முழுக்க வேரில் இறங்கியது. ஐந்து வேளையும் இதே இடம்தானாம்.

"எனக்காகவா பீவிக்கா?"

"ஒனக்காக ஒண்ணுமில்ல. கை கால் கழுவுன தண்ணி எங்கயாச்சும் போகத்தான செய்யும்."

அக்கா அழுதுவிட்டார். அம்மாவுக்கு அழுததா, மரத்துக்கு அழுததா, அவருக்கே தெரியாது.

பிறகு மழை பெய்தது. இரண்டு வருஷம் கழித்து முதல் காய் பிடித்தது, ஒற்றைக் காய். அது முற்றியபோது நோன்பு மாதம். அக்கா காலையில் கோயிலுக்குப் போய் வெகுநேரம் முழந்தாளிட்டிருந்தார். சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு, தேங்காய் அரைத்த கறியோடு பீவி வீட்டு வாசலில் நின்றார்.

பீவி தூக்குவாளியைத் தொடவில்லை. "இது கோயிலுக்கு நேந்துக்கிட்ட காயில்ல?"

"அந்தோணியார்ட்ட கேட்டுட்டேன்க்கா. இம்புட்டு நாளா காப்பாத்துனது யாருன்னு அவருக்குத் தெரியாதா? அடுத்த காய வாங்கிக்கிருவாரு."

பீவி பேரீச்சம்பழத்தை மென்றுவிட்டு, கறியில் ஒரு வாய் எடுத்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"ஆட்டுக்கறி தோக்கலடி," என்றார். "ஆனா நாளைக்கும் இருந்தா கொண்டா."

வீட்டுக் குழாயில் அன்று தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இருந்தும் பீவி தொழுகைக்குச் செம்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே நடந்தார். அக்கா முன்னால் ஓடி மணையைப் போட்டார்.